மூச்சுப் பங்கு

கந்தக வாடை நின்றுபோனதை ரமாரிதான் முதலில் கவனித்தாள்.

வெளியூர்க்காரர்கள் வெந்நீர் ஊற்றுகள் நிறைந்த ரோட்டோருவாப் பக்கம் வந்து இறங்கியதும் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். அழுகிய முட்டை என்ற ஒரே நகைச்சுவையை ஆளுக்கு ஒரு முறை சொல்லிவிட்டு, தாங்களே கண்டுபிடித்ததுபோல் சிரிக்கிறார்கள். இங்கே பிறந்தவர்களுக்கு அந்த வாடை தெரிவதே இல்லை. துணியில், தலையணையில், காலையில் ரொட்டிக்குத் தடவுகிற வெண்ணெயில்கூட அது இருக்கிறது என்பார்கள். ரமாரிக்கு நாற்பத்திரண்டு வருடமாக அதை முகர்ந்ததாக நினைவில்லை. சமையலறையில் ஓடிக்கொண்டிருக்கும் ஃப்ரிட்ஜின் சத்தம் திடீரென்று நின்றால் தலை நிமிர்ந்து பார்ப்போமே, அப்படித்தான் இப்போது நிமிர்ந்தாள்.

ஜூலை மாதம், இங்கே நடுக்குளிர்காலம், மாலை நாலரை மணி. ரோட்டோமாரு ஏரியின் எதிர்க்கரையில், படகில் மட்டுமே வர முடிகிற வெந்நீர் ஊற்றுகளின் அருகே, கருங்கல் அடுக்கிய குட்டையின் விளிம்பில், கூட்டி வந்த பயணிகளுக்கு வழிகாட்டியாக அவள் நின்றிருந்தாள். காலையிலிருந்து காற்று அசையவில்லை. ஏரிமேல் மூடுபனி கனமாக இறங்கி, குட்டைகளிலிருந்து எழும் நீராவியோடு கலந்து, எது குளிர் எது சூடு என்று பிரித்துச் சொல்ல முடியாமல் ஆகியிருந்தது. பின்னால் செங்குத்தாக ஏறும் காட்டில் பெரணி இலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கரைச்சேறு எப்போதும்போல் கொப்புளித்துக்கொண்டிருந்தது, ஆனால் அதன் சத்தம் மட்டும் ஏதோ போர்வைக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது.

வாடை நின்றால் காற்று சுத்தமாகிவிட்டது என்று வெளியூர்க்காரன் சந்தோஷப்படுவான். உள்ளூர்க்காரி பயப்படுவாள். காற்றில்லாத குளிர்நாளில் பூமிக்கு அடியிலிருந்து கசிகிற வாயு பள்ளத்தில் வந்து தேங்கும். அளவாக இருக்கும்வரை நாறும். அளவு மீறினால் மூக்கு மரத்துப்போகும். அதன்பின் தலைவலி, பிறகு சுகமான தூக்கம்.

"எல்லாரும் எந்திரிங்க. கிளம்பலாம்."

குட்டையில் கழுத்துவரை மூழ்கியிருந்த ப்ரூஸ் கண்ணைத் திறந்தார். தெற்குத் தீவிலிருந்து வந்தவர், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர், பக்கத்தில் மனைவி பெவர்லி.

"ஏம்மா, முதுகுவலி இப்பத்தான் ஒரு பக்கம் போயிருக்கு. இன்னொரு பக்கம் போக வேணாமா?"

"அந்தப் பக்கத்த பெவர்லி அம்மா வீட்ல தேய்ச்சு விடுவாங்க. எந்திரிங்க ஐயா."

"நானா? நாப்பது வருசமா தேய்ச்சாச்சு. இனி நீயே வச்சுக்க," என்றாள் பெவர்லி.

ரமாரி சிரிக்கவில்லை. அது ப்ரூஸுக்குப் புரிந்திருக்க வேண்டும். குட்டையை விட்டு எழுந்தார். அடுத்த குட்டையில் ஷோனாவும் அவள் மகள் ஐலாவும் இருந்தார்கள். ஐலாவுக்கு ஒன்பது வயது, கேள்வி கேட்காமல் மூன்று நிமிடம் இருக்க முடியாத பிள்ளை. காலையில் படகுத்துறையில் வந்து இறங்கியதுமே, உங்கள் பூர்வகுடி ஆட்கள் மூக்கோடு மூக்கு உரசிக்கொள்வார்களாமே, எதற்கு என்று கேட்டது.

"உரசுறதில்ல. நெத்தியும் மூக்கும் தொடணும், கண்ண மூடிக்கணும். ஒரு மூச்சு உள்ள இழுக்கணும். என் மூச்சுல உனக்குப் பங்கு, உன் மூச்சுல எனக்குப் பங்கு. அதுக்கப்புறம் நீ வேத்தாள் இல்ல."

சொல்லிவிட்டுக் குனிந்து செய்தும் காட்டினாள். பிள்ளை நுனிக்காலில் எக்கி, முகத்தைத் தூக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூக்கு பட்டதும் கூச்சத்தில் களுக்கென்று சிரித்தது. அதன் வாயில் சாக்லேட் மணம். அந்த நிமிடமே ரமாரிக்கு அதைப் பிடித்துப்போனது. தன் இருவர் அமரும் கயாக் படகின் முன்னிருக்கையில் அவளை உட்கார வைத்துக்கொண்டாள். ஷோனாவுக்குத் தனிப் படகு, கிழவனுக்கும் கிழவிக்கும் இன்னொரு இரட்டைப் படகு.

இப்போது துவாலைகளும் ஈரத்துணிகளுமாக எல்லோரும் உடைமாற்றும் தகரக் கொட்டகைக்கு ஓடினார்கள். ரமாரி ரேடியோவை எடுத்தாள்.

"அத்தான், கேக்குதா?"

எதிர்க்கரைப் படகுத்துறையில் வேனோடு காத்திருந்த ஹோஹெபாவின் குரல் கரகரத்தது. "கேக்குது கொழுந்தியா. எலும்புக் குழம்பு கொதிச்சிட்டிருக்கு. கீரை உன் வீட்டுக் கீரை, அதனால கசக்கும்."

"இங்க வாடை நின்னு போச்சு. சீக்கிரமே கிளம்புறோம்."

"காத்தே இல்லையா?"

"இல்ல. பனி வேற."

"எல்லாரும் ஒட்டியே வாங்க. நான் மோட்டார் படகத் தண்ணில எறக்கி வைக்கிறேன்." பிறகு, தயங்கி, "ரமாரி, அந்தக் கரையில ரொம்ப நேரம் நிக்காத," என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று இருவருக்கும் தெரியும்.

இந்தச் சரிவின் அடியில் ஒரு காலத்தில் ஊர் இருந்தது. நூறு வருடத்துக்கும் முன்னால் ஒரு மழைநாளில், அடியில் வெந்து இளகிப்போன மலைப்பக்கம் அப்படியே வழுக்கி, அடுப்பு, பிள்ளை, கிழவர் எல்லாவற்றையும் ஏரிக்குள் தள்ளிவிட்டது. அதனால் உள்ளூர்க்காரர்கள் இந்தக் கரையில் வாயில் எதையும் போடுவதில்லை. புறப்படும்போது கைகழுவித் தலையில் நீர் தெளித்துக்கொள்வார்கள், கல்லறையை விட்டு வரும்போது செய்வதுபோல.

அது பழைய கதை. புதிய கதை போன ஜூலையில் நடந்தது. கயிறு அறுந்து போன ஒரு கயாக்கை மீட்டு வர இந்தப் பக்கம் தனியாகத் துடுப்பு போட்டு வந்தாள் ரமாரியின் அக்கா ஹூயியா, ஹோஹெபாவின் மனைவி. கயாக் நாணலில் கிடைத்தது. ஹூயியா கிடைக்கவில்லை. அவள் போட்டிருந்த லைஃப் ஜாக்கெட்கூடக் கரை ஒதுங்கவில்லை.

ஹூயியாதான் அவர்கள் குடும்பத்தின் அழைப்புக்காரி. ஊர்ப் பொதுமனைக்கு விருந்தினர் வந்தால் வாசலிலேயே நிற்பார்கள். உள்ளிருந்து ஒரு பெண் நீண்ட குரலெடுத்து அழைக்க வேண்டும், வந்தவர்களில் ஒரு பெண் அதேபோல் பதில் கொடுக்க வேண்டும், அதன்பிறகுதான் கால் எடுத்து வைக்கலாம். அழைப்பு உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும் இல்லை. வருகிறவர்கள் தங்கள் இறந்தவர்களையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான். ஹூயியா குரல் எடுத்தால் குழந்தைகள் ஓட்டத்தை நிறுத்துவார்கள். அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்று பத்து வருடம் பழகியவள் ரமாரி.

உடலில்லாமல் படத்தை வைத்து நடந்த மூன்று நாள் துக்கத்தில் அந்த இடம் ரமாரிக்கு வந்தது. ஏரிக்கரையில் நின்று, தண்ணீரிலிருந்து அக்காவை வீட்டுக்கு அழைக்க வேண்டும். எல்லோரும் தலை குனிந்து காத்திருந்தார்கள். ரமாரி வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. மழை பெய்தது, காத்திருந்தார்கள், வரவே இல்லை. கடைசியில் எல்லோரும் அப்படியே திரும்பினார்கள். யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, ஹோஹெபா உட்பட. திட்டியிருந்தால் தேவலை என்று ரமாரிக்கு இன்றுவரை இருக்கிறது.

அழைக்கப்படாமலே போனவள் ஹூயியா.

பனி இன்னும் இறங்கியிருந்தது. கொட்டகை தெரியவில்லை. தண்ணீர் விளிம்பில் படகுகளின் மூக்கு மட்டும் தெரிந்தது. ரமாரிக்குப் புருவத்துக்குப் பின்னால் லேசாக வலிக்கத் தொடங்கியது. எல்லோரையும் அவசரப்படுத்தினாள், கைகழுவச் சொன்னாள், துடுப்புகளை எடுத்துக் கொடுத்தாள். தள்ளிவிடும் முன் எண்ணினாள். பனியில் முகம் தெரியாது, அதனால் எந்தக் கயாக் வழிகாட்டியும் முகத்தை எண்ணுவதில்லை. மஞ்சள் நிறத்தைத்தான் எண்ணுவார்கள். தன்னுடையதோடு சேர்த்து ஐந்து மஞ்சள் லைஃப் ஜாக்கெட்டுகள். ப்ரூஸ், பெவர்லி, ஷோனா, தன் படகின் முன்னிருக்கையில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்த சின்ன முதுகு, தான். ஐந்து. கணக்குச் சரி.

"ஐலா, கை கழுவினியா?"

பதில் இல்லை. வெந்நீரிலிருந்து பாதியில் இழுத்து வந்ததில் கோபம் என்று ரமாரி நினைத்துக்கொண்டாள். படகைத் தள்ளி ஏறினாள்.

முதல் பத்து நிமிடம் துடுப்புகளின் சத்தம் மட்டும். மூழ்குகிறது, எழுகிறது, சொட்டுகிறது. இடப்பக்கம் ஷோனாவின் படகு சாம்பல் நிழலாக வந்துகொண்டிருந்தது, அதற்கும் அப்பால் ப்ரூஸ் ஏதோ பழைய பாட்டைச் சீட்டியில் அடித்துக்கொண்டிருந்தார். சாதாரணமாக இந்நேரம் ஐலா இந்த ஏரியில் மீன் தூங்குமா என்று கேட்டிருக்க வேண்டும். முன்னிருக்கையின் முதுகு அசையவில்லை. துடுப்பைத் தொடவில்லை. தலைக்குமேல் இழுத்துவிட்ட முக்காட்டிலிருந்து நீர் வழிந்து, லைஃப் ஜாக்கெட்டின் தோளில் இறங்கி, படகுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வெந்நீரில் நனைந்தது இன்னுமா வடிகிறது என்று ரமாரிக்குத் தோன்றியது. தன் கால்விரல்களைத் தொட்ட அந்த நீர் ஏரியின் அடிநீர்போலச் சில்லிட்டிருந்தது.

படகு கனமாக வந்தது. ஒன்பது வயதுப் பிள்ளையின் கனம் இல்லை.

ரமாரி துடுப்பு போடுவதை நிறுத்தாமல் அந்த முதுகைப் பார்த்தாள். ஜாக்கெட்டின் பின்புறம் கயிற்றால் முடிச்சிட்டிருந்தது. இரட்டை முடிச்சு, நுனி இடப்பக்கம். போன ஜூலைக்குப் பிறகு ஹோஹெபா கயிறு வைத்த ஜாக்கெட்டுகள் எல்லாவற்றையும் எரித்துவிட்டார். இப்போது இருப்பவை எல்லாம் கொக்கி வைத்தவை. தோளில் கிழிசல், ஆரஞ்சு நூலால் தைத்தது. அந்த நூலை ஊசியில் கோத்துக் கொடுத்தவள் ரமாரி. அக்காவுக்குக் கிட்டத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

சின்ன உருவம் ஹூயியா. பின்னாலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளை என்று கேலி செய்வார்கள்.

"ஐலாக் குட்டி!" பக்கத்துப் படகிலிருந்து ஷோனா கூப்பிட்டாள். "குளிருதாடா?"

பதில் வந்தது. முன்னிருக்கையிலிருந்து இல்லை. பின்னாலிருந்து, வெகு தூரத்திலிருந்து, அவர்கள் விட்டுவந்த கரையிலிருந்து.

"அம்மா! தொப்பி கிடைச்சிருச்சு! எல்லாரும் எங்க இருக்கீங்க? இங்க நிறையப் பேரு வந்திருக்காங்க!"

சந்தோஷமான குரல். ரமாரி துடுப்பை நிறுத்தினாள். முன்னிருக்கையைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. கட்டின முடிச்சு கட்டினபடி, ஆள் இல்லாத ஜாக்கெட் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது, பிறகு மெதுவாக மடிந்து படகின் அடியில் விழுந்தது.

ஷோனா அலறினாள். என்ன நடந்தது என்று அவளுக்கு முழுதாகப் புரிந்திருக்காது. மகள் இருக்க வேண்டிய இடத்தில் மகள் இல்லை என்பது மட்டும் புரிந்தது. படகை வெட்டித் திருப்பினாள். ரமாரி அதன் விளிம்பைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடு! என் பொண்ணு அங்க இருக்கா! நீ எண்ணினியே! எண்ணிட்டுத்தான தள்ளின!"

"எண்ணினேன். தப்பு என்னோடது." ரமாரி விளிம்பை விடவில்லை. "அந்தப் பள்ளத்துல இப்ப வாயு தேங்கியிருக்கு. நீங்க போனா ரெண்டு பேரைத் தேடணும். நான் போறேன். உங்க பொண்ணோடதான் திரும்பி வருவேன். அவ இல்லாம வர மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

ப்ரூஸ் இப்போது சீட்டி அடிக்கவில்லை. ரமாரி சொன்னபடி ஷோனாவின் படகைத் தன் படகோடு சேர்த்துக் கட்டினார். முடிச்சு சரியாக விழுந்தது. பெவர்லி ஷோனாவின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். ரமாரி ரேடியோவை எடுத்தாள்.

"அத்தான், பிள்ள கரையில நின்னுருச்சு. மத்த மூணு பேரும் நடு ஏரியில. நீங்க வந்து அவங்களக் கூட்டிட்டுப் போங்க. சீட்டி அடிக்கச் சொல்லியிருக்கேன்."

"வந்துட்டே இருக்கேன். நீ எங்க?"

அவள் பதில் சொல்வதற்குள் அந்தக் குரல் வந்தது.

கரையிலிருந்து. ஒரு பெண்குரல். தாழ்ந்து தொடங்கி, ஏறி, ஏறின இடத்திலேயே நடுங்காமல் நின்று, தண்ணீர்மேல் பரவி இறங்கியது.

"ஹயேரே மாய்... வாருங்கள், தண்ணீர் கடந்து வந்தவர்களே, வாருங்கள். உங்கள் இறந்தோரைக் கூட்டிக்கொண்டு, எங்கள் இறந்தோரிடம் வாருங்கள்..."

ரேடியோ பொத்தான் இன்னும் ரமாரியின் விரலுக்கு அடியில் அழுந்தியிருந்தது. விட்டாள். மறுமுனையில் மோட்டாரின் உறுமல் கேட்டது.

"ரமாரி." ஹோஹெபா குழந்தைபோலப் பேசினார். "அது அவ குரல்."

"அத்தான், கரைக்கு வராதீங்க."

"அது அவ குரல் தானே? சொல்லு. அவ தானே?"

"உங்களக் கும்பிட்டுக் கேக்கிறேன். மூணு பேரக் கூட்டிட்டுத் திரும்பிருங்க. பிள்ளைய நான் கொண்டு வரேன்." ரேடியோவை அணைத்துப் படகுக்குள் போட்டாள்.

அழுத்தித் துடுப்பு போட்டாள். பத்து நிமிடம் வந்த தூரம் பத்து நிமிடத்தில் திரும்பிவிடும். பத்து நிமிடம் ஆயிற்று. பிறகு இன்னும் பத்து. தோள் எரிந்தது. ஐலாவின் குரல் அதே தூரத்தில், யாரிடமோ ஏதோ கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. சேறு கொப்புளிக்கும் சத்தம் அதே தூரத்தில். துடுப்பை நேராக இறக்கினாள். முழங்கை ஆழத்திலேயே தரை தட்டியது. கரை இங்கேதான். இரண்டடி தள்ளித்தான் இருக்க வேண்டும். இல்லை. இன்னும் நான்கு துடுப்பு வீச்சு. தரை தட்டியது. கரை இல்லை.

அழைப்பு இரண்டாம் முறை வந்தது. இப்போது இன்னும் பொறுமையாக.

ரமாரிக்குப் புரிந்தது. அவள் விருந்தாளி. வாசலில் நிற்கிறாள். பதில் கொடுக்காமல் உள்ளே போக எந்த விருந்தாளிக்கும் வழி இல்லை.

யாருடைய அழைப்பு என்று தெரியாமல் வாய் திறக்கக் கூடாது என்பது தெரியும். இருட்டின பிறகு கூடாது என்பதும் தெரியும். பனிக்குள் ஒரு பிள்ளை தும்மியது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள், துடுப்பை மடியில் வைத்தாள், வாயைத் திறந்தாள்.

வந்தது.

ஒரு வருடமாகத் தொண்டையில் கல்லாகக் கிடந்த குரல், மழையில் அத்தனை பேர் காத்திருந்தும் வராத குரல், அவளே எதிர்பாராத உயரத்துக்கு எழுந்து போனது. வந்துவிட்டோம் என்றது. எங்கள் இறந்தோரோடு வந்துவிட்டோம், எங்களை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றது. இத்தனை அழகாக அவள் ஒருபோதும் அழைத்ததில்லை. கண்ணீர் வழிந்தது. அக்காவுக்குச் செய்யாமல் விட்டதைச் செய்துவிட்ட நிம்மதி, அந்த ஒரு மூச்சு நேரத்துக்கு, பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

படகின் மூக்கு மணலில் உரசி நின்றது.

இறங்கினாள். தலையைக் குனிந்து, மெதுவாக, நாலு அடி வைத்தாள். நின்றாள். இறந்தவர்களுக்காக ஒரு கணம் நிற்க வேண்டும். நிமிர்ந்தாள்.

வரிசையாக நின்றிருந்தார்கள்.

கரையோரமாக, குட்டைகளைத் தாண்டி, கொட்டகையையும் தாண்டி. விருந்தாளியை வரவேற்க வீட்டார் நிற்கிற முறைப்படியே. முதலில் ஹூயியா, தானே பின்னிய நீலக் கம்பளித் தொப்பியோடு. அவளுக்குப் பிறகு ஒரு பெரியவர், பாதி முகத்தில் சேறு காய்ந்து. தலையில் இலை வளையம் வைத்த கிழவிகள். இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி. யாரும் அசையவில்லை. யாரும் முறைக்கவில்லை. எல்லோர் முகத்திலும் மரியாதை இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

வரிசையின் கடைசியில், பனி விட்டு விட்டுக் காட்டிய இடத்தில், ஐலா. சிவப்புத் தொப்பி, காலுறை மட்டும் போட்ட கால்கள். அவள் கையைப் பக்கத்தில் நின்ற யாரோ பிடித்திருந்தார்கள்.

"ஐலா! ஓடி வா!"

"வர முடியாது," என்றாள் பிள்ளை சமர்த்தாக. "வரிசையில நிக்கணுமாம். நீங்கதான் ஒவ்வொருத்தரா வணக்கம் சொல்லிட்டு வரணுமாம்."

அவள் பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது. குளிரில் எல்லோருக்கும் வருகிற வெள்ளைப் புகை. ரமாரியின் வாயிலிருந்தும் வந்தது. மற்ற எந்த வாயிலிருந்தும் வரவில்லை.

வரிசையைத் தாண்டி ஓட நினைத்தாள். கால் நகரவில்லை. ஹூயியா முகத்தை முன்னால் நீட்டினாள், எப்போதும்போல் தலையைக் கொஞ்சம் சாய்த்து. "அக்கா," என்றாள் ரமாரி. "மன்னிச்சிரு அக்கா." குனிந்தாள். நெற்றி நெற்றியைத் தொட்டது. மூக்கு மூக்கை. ஏரியின் அடியில் கிடந்த கல்லின் குளிர்ச்சி. அக்கா மூச்சை இழுத்தாள்.

இழுத்தாள். கொடுக்கவில்லை. கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை.

ரமாரி நிமிர்ந்தபோது ஹூயியாவின் உதட்டிலிருந்து மெல்லிசாகப் புகை வந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் புன்னகைத்தாள். ரமாரியின் மூச்சு ஒரு படி குறைந்தது.

அடுத்தவர்.

சேற்று முகப் பெரியவர் இருகையாலும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். நிதானமாக. ஆழமாக.

அடுத்தவள்.

பழக்கதோஷத்தில் எண்ணினாள். இந்தமுறை முகங்களை. ஏழு. எட்டு. பின்னால், தொட்டு முடித்தவர்களின் வாயெல்லாம் புகைய ஆரம்பித்திருந்தது. தன் வாய்ப்புகை நூலாக இளைத்துவிட்டதைப் பார்த்தாள். ஏரியில் எங்கோ மோட்டார் சத்தம். ப்ரூஸின் சீட்டி. பிறகு மோட்டார் தூரப் போனது. அத்தான் சொன்னதைக் கேட்டுவிட்டார். மூன்று பேர் பிழைத்தார்கள்.

பதினொன்று. இடுப்புப் பிள்ளை. அதற்கும் ஒன்று.

பதினாறு. முழங்கால் மடிந்தது. யாரோ அன்பாகத் தாங்கிப் பிடித்து, அடுத்தவரிடம் நகர்த்தினார்கள்.

இருபத்தொன்று. நெஞ்சு ஏறவில்லை. இறங்கவில்லை. வலிக்கவும் இல்லை. குளிர் தெரியவில்லை. பயம்கூடத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது, வயிற்றிலிருந்து மேலே ஏறுகிற ஒரு பசி.

இருபத்திரண்டு.

இருபத்து மூன்று.

அதற்குப் பிறகு யாரும் இல்லை. ஐலா மட்டும். வந்துவிட்டேன் என்று சொல்ல ரமாரி வாயைத் திறந்தாள். புகை வரவில்லை. சத்தமும் வரவில்லை.

பிள்ளை காலையில் கற்றுக்கொண்டதை மறக்கவில்லை. நுனிக்காலில் எக்கினாள். முகத்தைத் தூக்கினாள். கண்களை இறுக மூடிக்கொண்டாள். அவள் வாயிலிருந்து வெள்ளையாக, சூடாக, சாக்லேட் மணத்தோடு மூச்சு வந்துகொண்டிருந்தது.

ரமாரி குனிந்தாள்.